புதிதாக வந்த போதனாசிரியருக்கு: ஒரு கற்கைநெறி ஒப்புதல் பெறும் வழி

கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. பணிப்பாளர் கூப்பிட்டு, "வாற வருசம் ஒரு புதுக் கற்கைநெறி தொடங்கவேணும், கலைத்திட்டத்தை நீங்களே எழுதித் தாங்கோ" என்பார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தபிறகுதான், எதை எழுதுவது, எழுதியதை யாரிடம் கொடுப்பது என்று ஒன்றும் தெரியாது என்பது உறைக்கும். யாழ்ப்பாணத்தில் தொழிற்கல்லூரிகளுக்கும் சமூகக் கல்லூரிகளுக்கும் கற்பிக்க வருகிற பலருக்கு இது நடக்கிறது. வேலை தெரிந்தவர்கள், கற்பிக்கவும் தெரிந்தவர்கள். தாள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பல வருடங்கள் இந்தக் கூட்டங்களில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு விளங்கிய ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மேசையும் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. மேசைக்கு மேசை அந்தக் கேள்வி மாறும். எந்த மேசையில் எந்தக் கேள்வி என்று தெரிந்து எழுதினால் உங்கள் ஆவணம் திரும்பி வராது. வந்தாலும் ஒரு முறைதான் வரும்.

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

பாடத்திட்டம் என்பது என்ன படிப்பிப்போம் என்ற நிரல். கலைத்திட்டம் அதைவிடப் பெரியது. யாரைச் சேர்ப்போம், எத்தனை மணித்தியாலம், என்ன கருவி, யார் படிப்பிப்பார், எப்படி மதிப்பிடுவோம், முடித்து வெளியே போகிறவர் என்ன செய்யக்கூடியவராக இருப்பார் என்பதெல்லாம் அதற்குள் வரும். புதியவர்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்தை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள். பத்துப் பக்கம் தலைப்புகள் இருக்கும், மதிப்பீடு பற்றி ஒரு வரி இருக்காது. குழு அதைத் திருப்பி அனுப்பினால் மனம் நோகவேண்டாம்; பாதி வேலை இன்னும் இருக்கிறது என்பதுதான் பொருள்.

உங்கள் கற்கைநெறி எந்தப் பாதையில் போகிறது?

எழுதத் தொடங்குமுன் இதை முடிவு செய்யுங்கள். இலங்கையில் தொழிற்கல்விக்கு மேலே நிற்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடிப்படை. நாம் பேச்சில் என்.வி.கியூ. என்று சொல்லும் தேசிய தொழில் தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ஆம் 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாக்கள், 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். உங்கள் கற்கைநெறி இதற்குள் வருவதானால், கலைத்திட்டத்தை வெறும் தாளிலிருந்து எழுதும் உரிமையும் உங்களுக்கு இல்லை, சுமையும் இல்லை. அந்தத் தொழிலுக்குத் தேசியத் தேர்ச்சி நியமம், அதாவது அந்த வேலையைச் செய்கிறவருக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்கவேண்டும் என்று வகுத்த ஆவணம், இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதுதான் உங்கள் அத்திவாரம். அதிலுள்ள தேர்ச்சி அலகுகளை உங்கள் கல்லூரியில் எப்படி நடத்தப்போகிறீர்கள் என்பதுதான் நீங்கள் எழுதவேண்டியது.

இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமா என்றால், பாடங்கள் நாடு முழுவதற்கும் பொது. யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறவர் தனியாக ஒரு பாடத்தைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. பல்கலைக்கழகமானால் துறை, பீடச்சபை, மூதவை என்று 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வகுத்த படிகள் உண்டு. இந்தக் கட்டுரை என்.வி.கியூ. பாதையில் போகிறவர்களுக்கும், சொந்தச் சான்றிதழ் வழங்கும் சிறிய கல்லூரிகளில் இருப்பவர்களுக்கும்.

சமூகக் கல்லூரி என்ற சொல்லை நாம் வெளிநாட்டு உறவுகளிடமிருந்துதான் அதிகம் கேட்டிருக்கிறோம். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் செண்டெனியல் கல்லூரி 1966இல் தொடங்கியது. ஒன்ராறியோ மாகாணத்தின் முதல் சமூகக் கல்லூரி அது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே படித்திருப்பார்கள். அந்த மாகாணத்துக் கல்லூரிகளில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அல்லது ஒன்றோடொன்று தொடர்புள்ள நெறிகளின் தொகுதிக்கும், வெளியாட்களைக் கொண்ட ஆலோசனைக் குழு இருக்கவேண்டும் என்பது விதி. கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரிகளில் 1988இல் வந்த ஒரு சட்டம், கலைத்திட்ட விடயத்தில் ஆசிரியர் பேரவையின் சொல்லுக்கு முதலிடம் கொடுத்தது. ஒரு பக்கம் தொழில் செய்கிறவர், மறுபக்கம் படிப்பிக்கிறவர். இந்த இருவரும் ஒரே மேசையில் இருந்தால்தான் நல்ல கலைத்திட்டம் வரும். நம் கல்லூரிக்குச் சட்டம் அதைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நாமாகச் செய்யலாம்.

எழுதுமுன் பட்டறைக்குப் போங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். எனக்கு இதில் சமரசம் கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை வைத்துக்கொள்வோம். வள்ளங்களில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரத்தைத் திருத்தும் கற்கைநெறி. குருநகர், பாசையூர், மயிலிட்டி, பருத்தித்துறை என்று கரையெல்லாம் இந்த எஞ்சின்தான் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. தேசிய நியமம் கையில் இருந்தாலும், இங்கே எஞ்சின் திருத்துகிற ஐந்தாறு பேரை ஒரு நாள் கூட்டிவைத்துக் கேளுங்கள். வேலை செய்கிறவர்களை இருத்தி, கடமைகளையும் பணிகளையும் அவர்கள் வாயாலேயே வரிசைப்படுத்தும் இந்த முறைக்கு டாக்கம் என்று பெயர். 1960களின் இறுதியில் கனடாவில் உருவானது. சுவரில் பெரிய தாள் ஒட்டி, ஒவ்வொரு பணியையும் ஒவ்வொரு அட்டையில் எழுதி ஒட்டவேண்டும். அவ்வளவுதான் செலவு. தேநீருக்கும் வடைக்கும் கொஞ்சம்.

"விடியக் காலமை எழும்பினதிலயிருந்து என்ன வேலை செய்வியள் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்று தொடங்கினால் போதும். அப்படி ஒரு கூட்டத்தில் வயதான ஒரு மெக்கானிக் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கியர் எண்ணெயை வடிச்சுப் பாக்கோணும் தம்பி. பால்மாதிரி வெளுத்துப்போயிருந்தா தண்ணி பூந்திட்டுது. அதைப் பாக்கத் தெரியாதவனை நான் வேலைக்கு எடுக்கமாட்டன்." பாடநூலில் கியர்த் தொகுதிக்கு ஓர் அத்தியாயம் இருக்கும்; இந்த ஒரு வரி அதற்குள் எங்கோ புதைந்து கிடக்கும். எது முதலாவது, எது மூன்றாவது என்பதை அவர்களால்தான் சொல்லமுடியும். மண்ணெண்ணெய் எஞ்சினில் பிளக் கரிபிடிப்பது, கடலால் வந்ததும் நன்னீர் விட்டுக் கழுவாததால் வருகிற உப்பு அரிப்பு, கரையில் நின்றபடியே கையிலுள்ள இரண்டு சாவியோடு கோளாறு கண்டுபிடிப்பது என்று பட்டியல் அப்படி வளர்ந்தது.

இன்னொன்றும் சொன்னார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடமராட்சிப் பக்கம் வள்ளங்கள் கரையில் கிடக்கும். எஞ்சின்கள் பட்டறைக்கு வரும் காலம் அதுதான். பிள்ளைகளை வேலைத்தலப் பயிற்சிக்கு அனுப்புவதானால் அந்த மாதங்களில் அனுப்புங்கள் என்றார்கள். கலைத்திட்டத்தின் கால அட்டவணை அந்த ஒரு தகவலால் தலைகீழாக மாறியது.

கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர், தொழில், திகதி, அட்டைகளின் புகைப்படம் எல்லாவற்றையும் கோப்பில் வையுங்கள். பின்னால் இதைக் கேட்பார்கள்.

எழுதுவது

கற்றல் பேறுகளிலிருந்து தொடங்குங்கள். முடித்தவர் என்ன செய்வார் என்று கண்ணால் பார்க்கக்கூடிய வினைச்சொல்லில் எழுதவேண்டும். "கியர்த் தொகுதி பற்றி அறிந்திருப்பார்" என்று எழுதினால் அறிந்திருக்கிறாரா என்று எப்படிச் சோதிப்பது? "கியர் எண்ணெயை வடித்து, அதன் நிறத்தைக் கொண்டு நீர் புகுந்துள்ளதா எனக் கண்டறிந்து, பழுதான 'சீல்' வளையத்தை மாற்றி, மீண்டும் எண்ணெய் நிரப்புவார்" என்று எழுதிப் பாருங்கள். மதிப்பீடு அந்த வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிட்டது. தேவையான கருவிகளும் அதற்குள் இருக்கின்றன. மதிப்பீட்டாளர் பக்கத்தில் நின்று ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். என்.வி.கியூ. சான்றிதழ் மட்டங்களில் கேட்கப்படுவதும் அதுதான்: தேர்ச்சி பெற்றுவிட்டாரா, இன்னும் பெறவில்லையா. அங்கே 72 புள்ளி, 48 புள்ளி என்ற கதை இல்லை.

பிறகு மணித்தியாலங்கள். இதில் நேர்மையாக இருங்கள். டிப்ளோமா, பட்டம் என்று போனால் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி 1 கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 50 மணித்தியாலம்; விரிவுரை, சுயகற்றல், ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்து. ஆண்டுக்கு 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3 கிரெடிட் பாடம் 150 மணித்தியாலம். அதில் 45 மணித்தியாலம் வகுப்பென்றால், மீதி 105ஐ மாணவர் வெளியே செலவிடவேண்டும். ஒரு அரையாண்டில் அப்படி 5 பாடம் வைத்து 15 வாரத்தில் முடித்தால் வாரத்துக்கு 50 மணித்தியாலம் ஆகிறது. பருத்தித்துறையிலிருந்து தினமும் இரண்டு பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கும், நெடுந்தீவிலிருந்து வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கி, பின்னேரம் கடையில் வேலை செய்து படிக்கிற பிள்ளைக்கும் அந்த 50 மணித்தியாலம் எங்கே இருக்கிறது? சட்டகத்தை நாம் மாற்றமுடியாது. ஆனால் ஒப்படைகளைக் கல்லூரியிலேயே செய்துமுடிக்கும்படி அமைக்கலாம், எல்லாப் பாடத்துக்கும் ஒரே வாரத்தில் பரீட்சை வராமல் பார்க்கலாம். இதை எழுதும்போது யோசிக்காவிட்டால் பிறகு யோசிக்க யாரும் இல்லை.

செய்முறைக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், நானே எழுதிய ஆவணம் இந்தக் கணக்கில் விழுந்தது. ஒரு தொகுதிக்கு 24 பிள்ளைகள், பட்டறையில் 2 எஞ்சின்கள். கியர்ப் பகுதியைக் கழற்றிப் பூட்ட ஒவ்வொருவருக்கும் 6 மணித்தியாலமாவது கைப்பழக்கம் வேண்டும் என்று நானே எழுதியிருந்தேன். அப்படியானால் மொத்தம் 144 மணித்தியாலம். 2 எஞ்சினுக்குப் பிரித்தால் 72. இருவர் இருவராக நிறுத்தினாலும் 36. நான் ஒதுக்கியிருந்தது 30. குழுவிலிருந்த ஒருவர் பென்சிலால் ஓரத்தில் இந்த நான்கு எண்களை எழுதித் திருப்பித் தந்தார். அந்தப் பென்சில் கணக்கு 24 பிள்ளைகளைக் காப்பாற்றியது. எஞ்சின் வாங்கப் பணம் வரும்வரை சேர்ப்பை 16ஆகக் குறைத்தோம். அன்றிலிருந்து எந்தக் கலைத்திட்டத்தைக் கண்டாலும் முதலில் பிள்ளைகளின் தொகையை எஞ்சின்களின் தொகையால் பிரித்துப் பார்க்கிறேன்.

மொழி பற்றியும் ஒரு முடிவு வேண்டும். தொழில்நுட்ப ஆவணங்களின் தமிழ் வடிவம் பிந்தித்தான் நம் கைக்கு வருகிறது. வரும்போது பட்டறையில் யாரும் சொல்லாத சொற்களோடு வருவதும் உண்டு. பிள்ளைக்கு பிளக் தெரியும், காபரேற்றர் தெரியும். "தீப்பொறிச் செருகி" என்று பரீட்சைத் தாளில் கண்டால் திகைப்பான். கலைச்சொல்லையும் பட்டறைச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சொற்பட்டியல் தயாரித்துப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது கலைச்சொல் திரட்டவும் நேர்ந்தது. அந்த மண்ணில் இருந்துகொண்டு எஞ்சின் திருத்தத் தமிழில் சொல் இல்லை என்று நாம் சொல்லக்கூடாது.

கல்லூரிக்குள் மூன்று மேசைகள்

முதலாவது உங்கள் துறைக் கூட்டம். இங்கே கேட்கப்படுவது: இதை யார் படிப்பிப்பார்? இருக்கிற கற்கைநெறியோடு மோதுகிறதா? மோட்டார் சைக்கிள் திருத்தும் பிரிவில் ஏற்கெனவே இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின் படிப்பிக்கிறார்கள் என்றால், அந்தப் போதனாசிரியரிடம் முதலே போய்ப் பேசிவிடுங்கள். கூட்டத்தில் வைத்து அவர் அதை முதன்முதலாக அறியக்கூடாது. அவருடைய பாட அலகை அப்படியே எடுத்துப் பொதுவாக்கினால் இரு தரப்புக்கும் வேலை குறையும், பட்டறையும் பகிரலாம்.

இரண்டாவது கலைத்திட்டக் குழு. வழியில் கடினமான மேசை இதுதான், இருக்கவேண்டியதும் அப்படித்தான். பேறு, பாடம், மணித்தியாலம், மதிப்பீடு நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது இவர்களுடைய கேள்வி. ஒரு பேறு எழுதப்பட்டிருக்கும், அதற்கு மதிப்பீடு இருக்காது. ஒரு மதிப்பீடு இருக்கும், அதற்கான பாடம் எங்கும் வராது. நீங்களே ஓர் அட்டவணை போட்டு, இடது பக்கம் பேறுகள், மேலே மதிப்பீடுகள் என்று கோடிட்டு, எது எதைச் சோதிக்கிறது என்று புள்ளடி போடுங்கள். புள்ளடி இல்லாத வரிசை தெரிந்தால் கூட்டத்துக்கு முன்னரே திருத்திவிடலாம். சேர்ப்புத் தகைமையையும் இங்கே துருவுவார்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் சித்தி என்று போட்டிருந்தால், ஏன் என்று கேட்பார்கள். பழக்கத்தால் போட்டேன் என்பது பதிலாகாது. அந்த ஒரு வரியால், கடலில் வளர்ந்து எஞ்சினோடு பழகிய எத்தனையோ பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். தேவையான கணக்கை முதல் மாதத்தில் நாமே சொல்லிக்கொடுக்கலாம்.

ஆவணத்தைக் கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே உறுப்பினர் கையில் கொடுங்கள். கூட்டத்தில் சொல்லப்படும் திருத்தங்களை நீங்களே எழுதிக்கொண்டு, கூட்டறிக்கை வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். "நிபந்தனையுடன் அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால், அந்த நிபந்தனை என்ன, எத்தனையாம் திகதிக்குள் என்று அன்றே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

மூன்றாவது நிர்வாகச் சபை. இவர்கள் பேறுகளை வாசிக்கமாட்டார்கள், வாசிக்கவும் தேவையில்லை. எவ்வளவு செலவு, எத்தனை பிள்ளைகள் வருவார்கள், முடித்தபின் வேலை உண்டா? இரண்டு பக்கச் சுருக்கம் போதும். பட்டறைக் கூட்டத்தின் குறிப்பு இங்கே கைகொடுக்கும். இத்தனை பட்டறைக்காரர் வந்தார்கள், பயிற்சிக்கு இத்தனை பிள்ளைகளை எடுப்பதாகச் சொன்னார்கள் என்பதைவிடப் பலமான சான்று கிடையாது.

வெளியே உள்ள மேசை

முன்பு சொன்ன தொழிற்கல்வி ஆணைக்குழுவோடு இரண்டு வேறு காரியங்கள் உண்டு. புதியவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். பதிவு என்பது நிறுவனத்துக்கு. அங்கீகாரம் என்பது கற்கைநெறிக்கு. "எங்கட கல்லூரி பதிஞ்சதுதானே" என்று சொல்லிக்கொண்டு அங்கீகாரம் பெறாத நெறிக்குப் பிள்ளைகளைச் சேர்த்தால், முடிக்கும்போது அவர்களுக்கு என்.வி.கியூ. கேட்கும் வழி கடினமாகிவிடும். பெற்றோரிடம் பேசும்போதும், விளம்பரத் தாள் அடிக்கும்போதும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லுங்கள். காணியை ஈடுவைத்துப் படிப்பிக்கிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன.

அங்கீகாரத்துக்கு வருகிறவர்கள் தாளை வாசித்துவிட்டுப் பட்டறைக்குள் நடப்பார்கள். கருவிப் பட்டியலில் எழுதியது அலுமாரியில் இருக்கிறதா, போதனாசிரியருக்குத் தகைமை உண்டா, பாதுகாப்பு ஏற்பாடு என்ன, தர முகாமைத்துவ ஆவணங்கள் பாவனையில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இங்குள்ள கேள்வி ஒன்றுதான்: எழுதியது இங்கே நடக்குமா? ஆகவே இல்லாததை எழுதாதீர்கள். வாங்கப்போவதாக இருந்தால், வாங்கும் திகதியோடு எழுதுங்கள்.

முதல் தொகுதி வெளியேறிய பிறகு

கலிபோர்னியாவின் கல்விச் சட்டம் சமூகக் கல்லூரிகளின் தொழில்சார் நெறிகளை இரண்டாண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யச் சொல்கிறது. நமக்கும் அது நல்ல அளவு. எஞ்சின்கள் மாறுகின்றன, இரண்டு வீச்சிலிருந்து நான்கு வீச்சுக்குப் போனால் பாதிப் பாடம் பழசாகிவிடும்.

மீளாய்வுக்குத் தேவையானதை முதல் நாளிலிருந்தே சேருங்கள். எந்தப் பாடத்தில் நேரம் போதவில்லை, எந்தக் கருவி உடைந்தது, எந்த மதிப்பீட்டில் எல்லோரும் தடுமாறினார்கள் என்று வகுப்பு முடிந்ததும் இரண்டு வரி எழுதினால் போதும். ஆவணத்தின் முதற்பக்கத்தில் பதிப்பு இலக்கமும் திகதியும் இருக்கட்டும். சிறு மாற்றமானாலும் குழுவின் ஒப்புதலோடு இலக்கத்தை மாற்றுங்கள். மூன்று விதமான பிரதிகள் மூன்று மேசையில் கிடந்து, எது சரியானது என்று யாருக்கும் தெரியாத நிலையை நான் கண்டிருக்கிறேன்.

முதல் தொகுதிப் பிள்ளைகள் வேலைக்குப் போய் ஆறு மாதமானதும், அன்று அட்டை ஒட்டிய அதே மெக்கானிக்குகளிடம் திரும்பப் போங்கள். எங்கள் பிள்ளைகளில் இருவரை எடுத்திருந்த பட்டறைக்காரர், "வேலை தெரியுது, ஆனா கணக்குச்சீட்டு எழுதத் தெரியேல்லை. எத்தினை ரூவா எண்டு சனத்துக்குச் சொல்லப் பயப்பிடுறாங்கள்" என்றார். விலை மதிப்பிட்டுச் சீட்டு எழுதுவதற்கு 6 மணித்தியாலம் ஒதுக்கி, அடுத்த பதிப்பில் சேர்த்துக் குழுவுக்கு அனுப்பினோம்.